செம்பிக்கு அனல்

கோழி வளர்ப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கோழியைப் பார்க்கத் தெரியாது. தீனி போடத் தெரியும், அடித்துக் குழம்பு வைக்கத் தெரியும். நடுவில் ஒரு நாள் அது வாடி உட்கார்ந்தால், என்ன ஏது என்று புரியாமல் கையைப் பிசைவார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டரம்மா. மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாக விளங்கிவிடும்.

வெடிமருந்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன் நான். எல்லப்பன் கையெழுத்துப் போட்டால் அந்தப் பெட்டியில் பழுது இல்லை என்று அர்த்தம். ஓய்வு பெற்று, கோத்தகிரிப் பக்கம் வீடு கட்டி வந்த பிறகு, குறை கண்டுபிடிக்க மனைவி தனபாக்கியம் மட்டும்தான் மிச்சம். அவளும் எத்தனை நாள்தான் தாங்குவாள்? வண்டியில் கூவி விற்றவனிடம் ஒரு சிவப்புப் பெட்டைக்கோழியை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டாள். அதற்குச் செம்பி என்று பெயர் வைத்தேன். பண்ணை இனம், முட்டை போடும், அடைக்கு உட்காராது என்று விற்றவன் சொன்னான். வியாபாரி பொய் சொல்வானா என்ன?

செம்பியை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. சொன்னதைத் திருப்பிப் பேசாமல் கேட்கும் ஓர் உயிர் அந்த வீட்டில் அவள்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் கொர்னேலியஸ். அதே தொழிற்சாலையில் ஸ்டோரில் இருந்தவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் மனிஷாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை. இவருக்குத் துணை நாலைந்து பெட்டைகளும் ஒரு சேவலும். கழுத்தில் ஒரு மயிர்கூட இல்லாத சேவல். அது தோல் வியாதி, கவனியுங்கள் என்று பார்த்த அன்றே சொன்னேன்.

"அது சாதியே அப்படித்தானுங்கண்ணா" என்று சிரித்தார்.

அவர் எல்லாவற்றுக்கும் சிரிப்பார். செம்பி ஒரு தடவை அவருடைய கேரட் பாத்தியில் புகுந்துவிட்டாள். அதற்கும் சிரிப்புத்தான். "உங்க செம்பி எம் பாத்தியக் கெளறிப் போட்டுட்டாளுங்கண்ணா. அடுத்த தடவ வந்தா குழம்புதானுங்க." இதை நீங்கள் வேடிக்கைப் பேச்சு என்பீர்கள். தரப் பரிசோதனையில் நாங்கள் எதையும் அப்படி விட்டுவிடுவதில்லை.

அதற்குப் பிறகு செம்பி படுத்துக்கொண்டாள். முட்டை நின்றது. தீனியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கொண்டை வெளிறிவிட்டது. கொட்டகைக் கூடையில் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நாளெல்லாம் கிடந்தாள். எச்சம் குவியலாக, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம். கிட்டப் போனால் உறுமினாள், என் கையைக் கொத்தினாள். நெஞ்சுக்கடியில் மயிர் உதிர்ந்திருந்தது. அத்தனை அறிகுறிகளையும் ஒன்றுவிடாமல் கண்டேன். இந்தக் கண்ணுக்குத்தான் அரசாங்கம் எனக்குப் பென்ஷன் கொடுக்கிறது.

தனபாக்கியம் மட்டும், "கால்நடை டாக்டரக் கூப்புட்டுக் காட்டலாமுங்க" என்றாள். டாக்டர் வந்து என்ன செய்வார், என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு போவார். சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள் மூன்றையும் அரைத்து உருட்டிக் கொடுத்தேன். வெல்லத் தண்ணீர் வைத்தேன். பனிக்காற்று புகாமல் இருக்கக் கொட்டகையின் இடுக்குகளையெல்லாம் சாக்கால் அடைத்தேன். அந்தச் சாக்குகள் செம்பிக்காக அடைத்தவை. கொர்னேலியஸுக்காக அடைத்ததாக எழுதிவிடாதீர்கள். நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

நோய் என்னவென்று மட்டும் பிடிபடாமல் இருந்தது. ஒரு நாள் கடைக்குப் போய்த் திரும்பும்போது அதுவும் பிடிபட்டது. கொர்னேலியஸ் என் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். கையில் காலியான துணிப்பை. என்னைக் கண்டதும் அதை அவசரமாக மடித்து ஸ்வெட்டருக்குள் செருகினார்.

"செம்பியப் பாக்க வந்தேனுங்கண்ணா."

"அவளுக்குச் சீக்கு."

"சீக்கா?" மறுபடியும் அந்தச் சிரிப்பு. "ஒண்ணுமில்லீங்கண்ணா. மூணு வாரம் பொறுங்க. நீங்களே அசந்து போயிருவீங்க."

கேட்டீர்களா? கெடு வைத்துவிட்டுப் போகிறார். தோட்டத்துக்கு மருந்தடிக்கிற மனிதர், கேரட்டைக் கிளறிய கோழி, காலிப் பை. இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? அன்று செம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுததை மறைக்கவில்லை. நான் கல்நெஞ்சன் இல்லை.

போலீசுக்கு வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கோழிக்கு விஷம் வைத்தார் என்று சொல்லியிருந்தால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பீர்கள்.

மழையும் பனிமூட்டமுமாக இருந்த ஒரு மதியம், கொட்டகையில் கரி அடுப்பு மூட்டினேன். சீக்குக் கோழிக்குக் கதகதப்பு வேண்டும், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். வேலியோரம் நின்று கொர்னேலியஸைக் கூப்பிட்டேன். "செம்பிக்கு அனல் வெச்சிருக்கறனுங்க. கொஞ்ச நேரம் தீயப் பாத்துக்கறீங்களா? நான் உள்ள கொண்டு போயி அவளுக்கு மருந்து குடுத்துட்டு வந்தர்றேன்."

உடனே வந்தார். அதற்கும் சந்தோஷம் அவருக்கு. "கூடையோட பதனமாத் தூக்குங்கண்ணா, ஆட்டாதீங்க" என்று எனக்கே பாடம் சொன்னார். சாப்பிட்ட பிறகு ஒரு தூக்கம் போடுவது அவர் வழக்கம். நாற்காலியையும் நானே போட்டுக் கொடுத்தேன்.

செம்பியைக் கூடையோடு எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். காற்றில் அடித்துக்கொள்ளும் கதவு அது. தாழ்ப்பாளைப் போட்டேன்.

சமையலறையில் கூடையை வைத்துவிட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். "ஏனுங்க, கொர்னேலியஸ் அண்ணன் வந்தாரே, எங்கீங்க அவரு?" என்றாள் தனபாக்கியம். செம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றேன்.

அவள் கூடையைப் பார்த்தாள். "கோழி இங்க கெடக்குது. அவரு அங்க எதப் பாக்கறாரு?"

நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன். பிறகு நேரம் பார்த்துப் போய்த் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, ஐயோ என்று ஊரைக் கூட்டினேன்.

குளிர்காலம் வந்தால் இந்த மலையில் யாராவது ஒருவர் அறையை மூடிக் கரியை மூட்டிக்கொண்டு போய்ச் சேர்வது வழக்கம்தான். பத்திரிகையில் ஓரமாக ஒரு செய்தி வரும். நீங்களும் அப்படித்தான் எழுதவிருந்தீர்கள். தனபாக்கியம் என்னிடம் கேட்டதையே உங்களிடமும் வந்து கேட்டுவிட்டாள். கோழிக்கு மூட்டிய அடுப்பு என்றால் கோழி ஏன் வெளியே இருந்தது? நல்ல கேள்வி. எனக்குத்தான் அது கேள்வியாகவே தோன்றவில்லை. பாவம், அந்தப் புகையில் ஒரு சீக்குக் கோழியை எப்படி விட்டுவிட்டு வருவது? தெரிந்தேதான் கதவைச் சாத்தினேன். அவர் எழுந்து வரக்கூடாது என்றுதான் தாழ்ப்பாள் போட்டேன். ஒரு தடவை தட்டினார். "அண்ணா" என்றார். போதுமா? எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று காலை தனபாக்கியம் மனிஷாவோடு இங்கே வந்திருந்தாள். அந்தப் பெண் நின்றுகொண்டே பேசியது. செம்பிக்குச் சீக்கே இல்லையாம், அடைக்குத்தான் உட்கார்ந்திருந்தாளாம். மனிஷாவின் அப்பா தன் வீட்டு முட்டைகளைப் பையில் கொண்டுவந்து, எனக்குத் தெரியாமல் செம்பிக்கு அடியில் வைத்தாராம். "எல்லப்பண்ணன் குஞ்சுகளப் பாத்தாச் சந்தோசப்படுவாருன்னு போன்ல அத்தனை சிரிச்சாருங்க அப்பா" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டது.

தனபாக்கியம் என் முகத்தைப் பார்க்காமல், குஞ்சுகள் பொரித்துவிட்டன என்றாள். செம்பி எழுந்து நடக்கிறாளாம், தீனி எடுக்கிறாளாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் உருட்டிக் கொடுத்த மருந்து வீண்போகவில்லை. அடை, முட்டை என்று அவர்கள் சொல்வதைச் சொல்லிக்கொள்ளட்டும். அறிகுறிகளைப் பார்த்தவன் நான்.

ஒரே ஓர் உதவி செய்யுங்கள், இன்ஸ்பெக்டரம்மா. அந்தக் குஞ்சுகளில் ஒன்றுக்குக்கூடக் கழுத்தில் மயிர் இல்லையாம். தோல் வியாதிதான், நேரத்தோடு கவனித்தால் சரியாகிவிடும் என்று தனபாக்கியத்திடம் சொல்லி அனுப்புங்கள்.