கண்டக்குழிக் களப்பு, காலை எட்டரை

ஹஃபீலா: முழுசா மூடாதீங்க. கண்ண அரைவாசி மூடுங்க... ஓம், அப்படி. இப்ப படத்தப் பாருங்க.

ஹுனைஸ்: அரைவாசி மூடினா நித்திர வருது புள்ள. விடியக்காலையில கடலுக்குப் போட்டு எடுத்த மனுஷன் நான்.

ஹஃபீலா: பத்து மணிக்கு இன்சாப் நானாட வேன் வந்துரும், இன்னும் பத்து நிமிஷம்தான். கொழும்புக் கண்காட்சிக்கு இத அனுப்புறதா, வேணாமா... நீங்கதான் சொல்லணும். வேணாம் எண்டா அலுமாரிக்குப் பின்னால போட்டுருவன்.

ஹுனைஸ்: ஸ்கூல்ல சித்திரம் படிப்பிக்கிற டீச்சர் நீ. மீன் பிடிக்கிற புருஷன்ட்ட என்னத்துக்குக் கேக்குற?

ஹஃபீலா: உங்களுக்குத் தண்ணி தெரியும். சொல்லுங்க.

ஹுனைஸ்: நெத்தலி காயப்போட்ட பாய் மாதிரி இருக்கு. ஒண்டு இஞ்சால கிடக்கு, ஒண்டு அங்கால...

ஹஃபீலா: மூக்கு முட்டப் பாத்தா அப்படித்தான் இருக்கும்! பின்னால போங்க. இன்னும்... இன்னும் ரெண்டு எட்டு.

ஹுனைஸ்: இதுக்கு மேல போனா குசினிக்குள்ள அடுப்புலதான் நிப்பன்.

ஹஃபீலா: நில்லுங்க. இப்ப?

ஹுனைஸ்: ...ஆ.

ஹஃபீலா: என்ன ஆ?

ஹுனைஸ்: நெத்தலியக் காணல்ல. களப்புத் தண்ணி ஆடுது.

ஹஃபீலா: ஆடும்! நான் தட்டுல வச்சு நிறத்தக் கலக்கல்ல. நீலத்துக்குப் பக்கத்துல மஞ்சள், மஞ்சளுக்குப் பக்கத்துல வெள்ளை, எல்லாம் தனித்தனியா வச்சன். தூரத்துல நிண்டு பாக்கக்குள்ள உங்கட கண்தான் அதுகளச் சேர்க்குது.

ஹுனைஸ்: அப்ப பாதிப் படம் நான் கீறினது. கீழ என்ட பேரையும் போடு.

ஹஃபீலா: போடுறன், போடுறன். மனப்பதிவு ஓவியம் எண்டு இதுக்குப் பேர். நூத்தைம்பது வருஷத்துக்கு முந்தி பிரான்சுல சில பேர், அறைக்குள்ள இருந்து கீறினது போதும் எண்டு வெளிய வந்துட்டாங்க. வெயில் மாற முந்தி அவசர அவசரமா...

ஹுனைஸ்: தேத்தண்ணியும் ஊத்தாமத்தான் வந்திருப்பாங்க. இந்த லீவு முழுக்க, நான் கடலால வந்தா கேத்தல் பச்சத்தண்ணியாக் கிடக்கு.

ஹஃபீலா: என்ன செய்ய? அரை மணித்தியாலத்துல வெளிச்சம் மாறிரும். மிச்சத்துக்கு அடுத்த நாள், அதே நேரம்தான் போகணும்.

ஹுனைஸ்: எட்டரைக்கு.

ஹஃபீலா: ...நான் நேரம் சொல்லல்லயே!

ஹுனைஸ்: நடுவுல தண்ணி கண்ணக் கூசுது. கரையோரம் கூசல்ல. வலை காயப்போடுற கம்புட நிழலப் பாரு, எவ்வளவு நீளம். காத்தும் எழும்பல்ல. எட்டரைதான். ஒம்பதா இருந்தா காத்து எழும்பியிருக்கும்.

ஹஃபீலா: அந்த நிழல்ல கறுப்பு ஒரு பொட்டும் இல்ல, கவனிச்சீங்களா? வெயில் படாத மணலுக்கு மேலயும் வானம் இருக்குத்தானே. அந்த நீலம் நிழலுக்குள்ள இறங்கிரும்.

ஹுனைஸ்: ஓம், நீலம். காலக் கொண்டு போய் வச்சா குளிரும் போல.

ஹஃபீலா: அப்ப அனுப்பலாமா?

ஹுனைஸ்: அனுப்பு, அனுப்பு. நம்மட போட்டுட சிவப்பும் அச்சொட்டா வந்திருக்கு.

ஹஃபீலா: ...எந்தச் சிவப்பு?

ஹுனைஸ்: போட்டுதான். நம்மட போட்டு சிவப்புத்தானே? ஊரே சொல்லுது.

ஹஃபீலா: கரையில நிக்கிற போட்டு சிவப்பு. படத்துல நான் பச்சை பூசியிருக்கன். சிவப்பப் போட்டா எல்லாரும் போட்டத்தான் பாப்பாங்க, தண்ணிய ஒருத்தரும் பாக்க மாட்டாங்க எண்டு...

ஹுனைஸ்: ...வெயில்ல நிண்ட கண் புள்ள. கொஞ்சம் மங்கலா...

ஹஃபீலா: குசினி வாசல்ல என்ன வெயில்? கேக்குறன் இல்ல?

ஹுனைஸ்: சரி. சொல்லுறன், சிரிக்காத. சின்னதுல இருந்தே எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்டுதான். தக்காளி பழுத்தா எண்டு அமத்தித்தான் பாப்பன்.

ஹஃபீலா: அதான் சந்தையில இருந்து வார தக்காளி எல்லாம் சட்னியா வருது.

ஹுனைஸ்: சிரிக்காத எண்டன்! பொண்ணு பாக்க வந்த அண்டு உங்கட வாப்பா, "மகள் சித்திர டீச்சர்" எண்டு பெருமையாச் சொன்னார். எனக்கு நிறம் தெரியாது எண்டு நான் சொல்லியிருந்தா, எழும்பிப் போ எண்டிருப்பார். பொறகு உன்ட்ட சொல்ல வெக்கம். ஆறு வருஷமா நீ படம் காட்டக்குள்ள எல்லாம் குத்துமதிப்பாத்தான்...

ஹஃபீலா: இதயும் அப்படித்தான் சொன்னீங்களா?

ஹுனைஸ்: இல்ல! கூசுது எண்டது அல்லாஹ்வறிய உண்மை. நிறம்தான்... நீ இத அனுப்பாத புள்ள. இந்தக் கண்ண நம்பிக் கொழும்புக்கு அனுப்பி, அங்க ஆக்கள் சிரிச்சா? வேனைத் திருப்பி விடு. வேற ஆருக்காவது காட்டு.

ஹஃபீலா: ஹோர்ன் கேக்குது. படத்தத் தூக்குங்க... மேல் பக்கம் ஈரம், கவனம். கலியாணம் முடிச்ச மூணாம் மாசம் சிவப்புல ஒரு ஷோல் கேட்டன். வாழையிலைப் பச்சையில ஒண்டக் கொண்டு வந்து, "நல்ல மிளகாய்ச் சிவப்பு" எண்டு தந்தீங்க. அண்டைக்கே எனக்குத் தெரியும். நிறம் நிறைய இருந்தா படம் நல்லம் எண்டு நானே ஏமாந்துருவன், அடியில வெளிச்சம் செத்துக் கிடக்கும். உங்கட கண் வெளிச்சத்தத்தான் பாக்கும், உங்கள அப்படி ஏமாத்த ஏலாது. பின்ன, ஆறு வருஷமா எந்தப் படத்தையும் முதல்ல உங்களுக்குக் காட்டினது என்னத்துக்கு எண்டு நினைச்சீங்க?