அழிக்காமல் விட்ட பேர்

—ஷட்டர எதுக்குங்கண்ணா எறக்குறீங்க? கடைக்குள்ள நான் ஒருத்திதான் இருக்கேன்.

—ஒருத்தியா இருக்கறப்பத்தான் கேக்கோணும். எம்பேரு கதிர்வேலு. கிருத்திகாவோட அப்பன். போன மாசம் எம்புள்ளைக்கு இந்தப் பழைய லேப்டாப்ப வித்தது நீதான, அம்மிணி?

—நாந்தாங்கண்ணா. காலேஜுக்கு வேணும்னு அம்மாவும் மகளுமா வந்து வாங்கிட்டுப் போனாங்க. ஏதாச்சும் ரிப்பேருங்களா?

—சந்தோஷ்குமாரு யாரு?

—யாருங்கண்ணா?

—இது என்னன்னு தெரியுதா?

—அருவாளுங்க.

—எளநி சீவக் கொண்டாரல. சந்தோஷ்குமாரு எந்தூரு, எந்தச் சாதி, ஊடு எங்க? மூணே கேள்வி. பதிலச் சொல்லிப்போட்டு ஷட்டரத் தூக்கிக்க.

—அந்தப் பேரு உங்களுக்கு எப்படிங்கண்ணா தெரியும்?

—எம் போனே சொல்லுச்சு. எட்டு மாசம் ஆந்திராவுல ரிக்கு வண்டியோட போர்வெல் போட்டுட்டு நேத்துச் சாயங்காலந்தான் ஊட்டுக்கு வந்தேன். 'நெட்டு தீந்துபோச்சு, உங்க போனுல ஹாட்ஸ்பாட் போடுங்கப்பா'ன்னு வந்து நின்னா. போட்டேன். யாரு சேந்திருக்காங்கன்னு போனுல காட்டுமில்ல? அதுல நிக்குது, சந்தோஷ்குமாருன்னு. எம் ஊட்டுக்குள்ள, எங் கையில இருக்கற போனுல, எவனோ ஒருத்தன்!

—அய்யோ, அண்ணா! அது ஆளில்லீங்க. இந்த லேப்டாப்போட பேரு!

—பாத்தியா? இப்ப ஒடஞ்சது மேசக் கண்ணாடி. அடுத்தது உம் மண்ட. அவளும் இதே பாட்டு, அவங்கம்மாளும் இதே பாட்டு. மூணு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா? கம்ப்யூட்டருக்கு எவனாச்சும் பேரு வெப்பானா? ஆட்டுக்குட்டியா அது?

—கைய உடுங்கண்ணா. சில்லு குத்தி ரத்தம் கொட்டுது. ஓட மாட்டேன், சொல்றேன். கைய உடுங்க.

—சொல்லு.

—நீங்க வண்டிக்காரரு. பழைய லாரி ஒண்ணு வாங்குறீங்க. நெத்தியில பழைய ஓனரு மகன் பேரு பெருசா எழுதியிருக்குது. என்ன செய்வீங்க?

—பெயிண்டருகிட்ட உட்டு அழிச்சுப்போட்டு எங்க கொலசாமி பேர எழுதுவேன்.

—அத நான் அழிக்காம உட்டுட்டேன். அவ்வளவுதாங்கண்ணா. தொறந்ததும் வர்ற பேர மட்டும் கிருத்திகான்னு மாத்திக் குடுத்தேன். மிசினுக்குன்னு தனியா இன்னொரு பேரு உள்ள இருக்கும். அன்னைக்குக் கடையில கூட்டம், மறந்துட்டேன். தப்பு எம்மேல. அந்தப் புள்ள மேல இல்ல.

—அப்ப சந்தோஷ்குமாருன்னு ஒருத்தன் இருக்கறான்.

—இருக்கறாரு. இத முன்னால வெச்சிருந்தவரு. பேத்தி எடுத்த மனுசன். உங்க பொண்ணு அவரு மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல.

—ஊடு எங்க?

—சொல்ல மாட்டேன்.

—உங் கழுத்துல என்ன இருக்குதுன்னு தெரியுதா?

—தெரியுது. சில்லுன்னு இருக்குது. அறுத்தாலும் சொல்ல மாட்டேங்கண்ணா. எம் மறதிக்கு இன்னொருத்தரு உசுரக் குடுக்க முடியாது.

—எவனுக்கோ வக்காலத்து வாங்குற. நீ ஓடிப்போனவதான? பக்கத்துக் கடையில விசாரிச்சுட்டுத்தான் வாரேன்.

—ஆமாங்க, ஓடிப்போயித்தான் கல்யாணம் பண்ணுனேன். ஒம்போது வருசமாச்சு. எங்கப்பன் தெனமும் இந்தக் கடையத் தாண்டித்தான் பால் சொசைட்டிக்குப் போறாரு. இந்தப் பக்கம் திரும்ப மாட்டாரு. நான்தான் கேன் சத்தம் கேட்டதும் எந்திரிச்சு நின்னுக்குவேன். எதுக்கு நிக்கறேன்னு எனக்கே தெரியல.

—உன்ன உசுரோட உட்டாரில்ல.

—அதுக்குப் புள்ள நன்றி சொல்லோணுமாக்கும்?

—வாய அடக்கு!

—சரிங்க. நான் சொல்றத நம்ப வேண்டாம். உங்க கண்ண நம்புங்க. போனுல ஹாட்ஸ்பாட்டப் போடுங்க. எனக்குத் தெரியவே வாய்ப்பில்லாத ஒரு பேரு சொல்லுங்க. இந்த லேப்டாப்புக்கு அதையே வெக்கறேன். உங்க போனுல வருதா இல்லையான்னு நீங்களே பாருங்க.

—ஏமாத்துனா?

—அருவா உங்க கையிலதான இருக்குது?

—பாவாயி.

—யாருங்க அது?

—எங்கம்மா. செத்துப் பதினோரு வருசமாச்சு. அவ எவன் நெட்டுலயும் வந்து சேர மாட்டா.

—பக்கத்துல வந்து பாருங்க. செட்டிங்ஸ். மேல எழுதியிருக்குதே, அதுதான் சந்தோஷ்குமாரு. அத மாத்தறேன். பா... வா... யி. முடிஞ்சுது. இனி ஒருக்கா அணைஞ்சு மறுபடி எரியோணும்.

—எவ்வளவு நேரம்?

—ரெண்டு நிமிசம்.

—ரெண்டு நிமிசந்தானா?

—அவ்வளவுதாங்க வேல. அந்தத் துணிய இப்படிக் குடுங்க, கட்டிக்கறேன். கீபோர்டெல்லாம் ரத்தமாயிருச்சு... ம், எரிஞ்சிருச்சு. உங்க நெட்டோட சேத்துட்டேன். இப்ப போனப் பாருங்க.

—இரு, பாக்கறேன்.

—என்னங்கண்ணா வந்திருக்குது? வாய்விட்டுப் படிங்க.

—பாவாயி.

—சந்தோஷ்குமாரு இருக்கறாரா?

—இல்ல.

—வேற ஆரும்?

—எங்கம்மா மட்டுந்தான் நிக்கறா.

—அப்பறம் என்னங்க? உங்க பொண்ணு சொன்னது அத்தனையும் நெசம்.

—'அது மிசினுப்பா, மிசினுப்பா'ன்னு தோட்டம் வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தா. நான் காதுல வாங்கல. கோவத்துல இல்ல, அம்மிணி. பயத்துல. நாளைக்குப் பங்காளி ஊட்டுல என்னென்ன பேசுவாங்களோ, அது ராத்திரியே எங் காதுல கேக்க ஆரம்பிச்சிருச்சு. அந்தச் சத்தத்துல அவ குரலு கேக்கல.

—அடிச்சீங்களா?

—அடிச்சேன்.

—அருவாளக் கீழ வெய்ங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க, தண்ணி தாரேன்.

—தண்ணி வேண்டாம்.

—அடிச்சது அடிச்சதுதான், அதத் திருப்பி எடுக்க முடியாது. ஆனாப் போயி அவ முன்னால உக்காந்து, 'அப்பனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. எங்கப்பன் அப்படி வந்து சொன்னா நான் இந்த நிமிசமே எல்லாத்தையும் மறந்துருவேன். அவளும் அப்படித்தாங்கண்ணா இருப்பா.

—மறந்துருவாளா?

—கேட்டுப் பாருங்க. இருங்க, நானே போன் போட்டுத் தாரேன். இதுக்கு என்ன பேரு வெக்கறதுன்னும் அவளே சொல்லட்டும். இப்ப எங்க இருக்கறா, காலேஜுலயா, ஊட்டுலயா?

—தோட்டத்துக் கெணத்துல கெடக்கறா, சாமி. விடியாலிருந்து.