வெளுக்காத கறை

மீன் இல்லக்கா, வாட வராது. மாத்திரை. ஐஸு வச்சுத்தான் கொண்டு போகணும், சூடு பட்டா வேலைக்கு ஆகாதாம். உங்க சீல நனையுதோ? இருங்க, பைய இந்தப் பக்கம் மாத்திக்கிடுறேன்.

எனக்கில்ல, எங்க வீட்டுக்காரருக்கு. அந்தா, முன்னாடி சீட்டுல துண்டப் போத்திக்கிட்டு உக்காந்திருக்காகளே, அவுகதான். பக்கத்துல உக்காரலாம்தான். கால நீட்டிக்கிடட்டும்னு விட்டுட்டேன். நீங்க எங்கன, சாத்தூரா? அடி ஆத்தே, அச்சங்குளமா! நாங்களும் அந்தப் பக்கந்தான். வெடிக் கம்பெனிதான? ஓ, மக பிரசவத்துக்கு மதுரைக்கு வந்தீகளா. தீவாளியில இருந்தே வேலைக்குப் போகலையா. பேத்தியா? நல்லா இருக்கட்டும்.

இவுகளும் நானும் வெடிமருந்து கலக்குற ரூம்புதான். அங்கன செருப்புப் போட விடுவாகளா? ஒரு உரசல் போதுமே. வருசம் முச்சூடும் வெறுங்காலுதான். கால்ல ஏறுன மருந்துக் கறையச் சாயங்காலம் குழாயடியில செங்கல்ல வச்சுத் தேய்ப்போம், போகாது. நம்ம ஊர்ல எவ காலு வெள்ளையா இருக்கு? அதே மாதிரி இவுக குதிகால்ல காசு அளவுக்கு ஒரு கறுப்பு. மருந்துக் கறைன்னு இருந்துட்டோம். இம்புட்டு நாளு எப்படிம்மா கண்டுக்கிடாம விட்டீகன்னு டாக்டரம்மா கேக்காக. கம்பெனி வாசல்ல வந்து எங்க காலுகளப் பாத்தா அவுக கேக்க மாட்டாக.

வலியா? அதான் இல்லையே. வலிச்சிருந்தா ஓடியிருப்போம்ல. தொட இடுக்குல எலுமிச்சங்கா அளவுக்குக் கட்டி தெரண்ட பெறகுதான் கூட்டிட்டு வந்தேன். சதையக் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பி, கேன்சருன்னுட்டாக. தோல்லயும் வருமாம்க்கா, மச்சம் மாதிரி. அன்னைக்கு எனக்கு அழுகையே வரல. பசிதான் வந்துச்சு.

வெட்டி எடுத்துருங்க தாயின்னு கையப் பிடிச்சேன். இப்ப வெட்டுனா முழுசா வராது, ரத்தக் குழாயோட ஒட்டிக் கெடக்கு, மொதல்ல மாத்திரை குடுத்துச் சுருக்கணும், பெறகுதான் ஆப்பரேசன்னாக. அதுவும் எல்லாருக்கும் கேக்காதாம். அந்தக் கட்டிக்குள்ள ஏதோ ஒண்ணு மாறியிருந்தாத்தான் கேக்குமாம். இவுகளுக்கு மாறியிருந்துச்சு. அதுல உங்களுக்கு அதிர்ஷ்டம்னு சொன்னாக. நானும் தலைய ஆட்டுனேன், வேற என்ன செய்ய.

எங்க வீட்ல பிரிட்ஜு ஏதுக்கா? அய்யாதுரை டீக்கடையில கலர் பாட்டிலுக்கு நடுவுல வச்சிருந்தோம். வெறும் வயித்துல போடணும், அதனால கடை தெறக்க முந்தியே போயி நிப்பேன். போட்டா ஒரு குளிர் காய்ச்சல் வருது பாருங்க, கட்டிலே ஆடும். போர்வைக்கு மேல நானும் விழுந்து அமுக்கிக்கிடுவேன். போதும்டி, என்னைய விட்டுருன்னுவாக. காய்ச்சல் வந்தா மாத்திரைய நிப்பாட்டிட்டு ஆசுபத்திரிக்குப் போன் போடணும். நிப்பாட்டுன அன்னைக்கெல்லாம் வளந்துருச்சோ வளந்துருச்சோன்னு கட்டியத் தொட்டுத் தொட்டுப் பாப்பேன். அலுத்துப் போச்சுக்கா. இம்புட்டுப் பாடு படணுமான்னு நானே நெனச்சிருக்கேன், பொய் சொல்லல.

இன்னைக்கு ஸ்கேன் ரிசல்ட்டு. முனியராஜ் கூட வந்தவுக யாருன்னு கூப்பிட்டாக. கட்டி சுண்டக்கா அளவுக்கு வத்திப் போச்சாம். வர்ற வாரம் ஆப்பரேசன். குதிகால்ல வட்டமா வெட்டிட்டுத் தொடத் தோல எடுத்து ஒட்டுவாகளாம். அதுவரைக்கும் போடத்தான் இந்த மாத்திரை. காலு தப்பிச்சிரும். உசுரா? அத யாரும் அடிச்சுச் சொல்லலக்கா. கட்டி வர முந்தியே வந்திருந்தா மாத்திரையே வேண்டாம், அந்தக் கறுப்ப மட்டும் வெட்டி எடுத்துட்டு அனுப்பியிருப்போம்னாக. அதத்தான் நெஞ்சுக்குள்ள போட்டு அரைச்சுக்கிட்டே வாரேன்.

முந்தியே எப்படித் தெரியும்னா கேக்கீக? தெரிஞ்சிருக்கணும்க்கா. தீவாளிக்குக் கம்பெனிய அடச்சிட்டா கொஞ்ச நாள்ல எல்லார் காலும் வெளுத்துருமே. என் காலு வெளுத்துச்சு. இவுக காலு வெளுக்கல. அப்பவும் இவுக செங்கல்ல மாத்தித்தான் தேச்சாக.

அந்தா, சாத்தூர் வந்துருச்சு. எந்திரிக்காதீக, கூட்டம் எறங்கட்டும். செருப்பையும் மாட்டாதீக. தீவாளியில இருந்து வேலைக்குப் போகல, வெடிமருந்தத் தொடலன்னுதான சொன்னீக? இப்ப மாசி பொறந்துருச்சே.

இவுக பக்கத்துலயே எனக்கு எடம் இருந்துச்சுக்கா. நீங்க ஏறுனதும் கால மடக்கிச் சீட்டு மேல வச்சீகளே, குதிகால்ல அந்தக் கறுப்பப் பாத்துட்டுத்தான் இங்கன வந்து உக்காந்தேன். பயப்படாதீக. வெறுங் கறையாவே இருந்துட்டுப் போகட்டும். அந்த எடது குதிகாலக் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்புங்க.