ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

நீதிபதி ஐயா அவர்களுக்கு,

அன்று அம்மான் நகரிலுள்ள எங்கள் கணினி அலுவலகத்தில் மூன்று பேர் இருந்தோம். தலைவர் முஅய்யத் சன்னலோரம், ரவந்த் எனக்கு எதிரே, நான் கதவருகே. தேநீரில் புதினா சற்றுத் தூக்கலாக இருந்தது.

எல்லா மருந்தகங்களும் திரையில் பார்க்கிற நோயாளிகள் அட்டவணை மிகப் பெரியது. அதன் அமைப்பை மாற்ற வேண்டும், ஆனால் ஒரு மருந்தகக் கவுண்டரிலும் வேலை நிற்கக் கூடாது. அதற்கு வழி இருக்கிறது. பக்கத்திலேயே புது அட்டவணை அமைத்து, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகலெடுத்து, இடையில் வரும் மாற்றங்களையும் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் பழைய அட்டவணையின் பெயரைப் புதியதற்கு மாற்றிவிடுவோம். வரிசையில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது.

அந்தச் சாக்கில் இரட்டைப் பதிவுகளையும் களைய நினைத்தேன். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி மூன்றும் ஒன்றாக இருந்தால் இரண்டாவதை விட்டுவிடும்படி அமைத்தேன். பாலைப் பக்கத்து முதியவர்களுக்குப் பிறந்த நாள் தெரியாது. பதிவில் எல்லாருக்கும் ஜனவரி ஒன்று. பெயர்களும் குலத்துக்குள் திரும்பத் திரும்ப வருபவை.

"ஜனவரி ஒண்ணுல பாதி நாடே பொறந்திருக்கு, அபூ லைத். கேக் வெட்டியே கை ஓஞ்சிடும்," என்று என்னிடம் சொன்னாள் ரவந்த். நானும் சிரித்தேன்.

வேலை தடங்கலின்றி முடிந்தது. முஅய்யத் குனாஃபா இனிப்பு வாங்கி வந்தார். அப்போதே பார்த்துவிட்டேன்: இரட்டைப் பதிவென்று வெவ்வேறு ஆட்களே புதியதில் விடுபட்டிருந்தார்கள். பழையது பத்திரமாக இருந்தது, விடுபட்டவர்களை எடுத்துச் சேர்த்தால் போதும். பாராட்டுக்கு நடுவே அதைச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் மஃப்ரக் ஊர் மருந்தகத்து எழுத்தர் சுஃப்யான் அழைத்தான்.

"வத்ஹான்னு ஒரு அம்மா இன்சுலினுக்கு வந்திருக்காங்க. திரையில ஆளே இல்லேங்குது. மாசாமாசம் வர்றவங்க, எனக்கே தெரியும். கொடுத்திடட்டுமா?"

கொடு என்றால், திரையில் ஏன் இல்லை என்று எழுதிக் கேட்பான், என் தவறு வெளியே வந்துவிடும்.

"திரையில இல்லேன்னா இல்லதான், தம்பி," என்றேன்.

அந்த அம்மா வெறுங்கையோடு திரும்பினார். சில நாளில் இறந்தார்.

செய்தி வந்ததும் விடுபட்ட எல்லாரையும் புதியதில் சேர்த்தேன், வத்ஹாவையும்தான். பிறகு பழைய அட்டவணையை அழித்தேன். இப்போது யார் பார்த்தாலும் அவர் பெயர் திரையில் இருக்கிறது. மருந்து மறுத்த வழக்கில், திரையில் பெயர் இல்லை என்று சொன்ன சுஃப்யான்தான் பொய்யனாகத் தெரிகிறான். அவன் என்னை அழைத்ததாகச் சொன்னபோது, நினைவில்லை என்று உங்கள் முன்னிலையில் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். நான் மேசையைப் பார்த்தேன்.

வெட்கமாக இருக்கிறது, ஐயா. நாளைக் காலை அவனுக்குத் தீர்ப்பு. நீதிமன்றம் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். உறை தயாராக இருக்கிறது. சாதாரணத் தபாலில் போடுகிறேன், எப்படியும் ஒரு வாரத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும்.