மிச்ச மின்சாரம்

காற்றாலைக்கு மூன்று இறக்கை போதும், ஐயா. நான்கு வைத்தால் பார்வைக்குக் கம்பீரம், அவ்வளவுதான். நான் முதலில் நான்குதான் வைத்தேன். பார்த்தவர்களெல்லாம் பிரமாதம் என்றார்கள், பல்புதான் எரியவில்லை.

எங்களுடையது வியாபாரக் குடும்பம். அம்மாவிடம் இன்னொரு வாய் சோறு கேட்டாலும் பேரம் பேசித்தான் வாங்குவோம். சொன்ன விலைக்கு எதையும் ஒத்துக்கொள்கிற பழக்கம் எனக்கில்லை, காற்று உள்பட. பிளாஸ்டிக் குழாயைப் பிளந்து புது இறக்கை செய்தேன். நுனியை இழைத்தேன். வால் தகட்டை மாற்றினேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் காற்று கொஞ்சம் இறங்கி வந்தது. கடைசியில் என் வீட்டு விளக்கும் விசிறியும் மொட்டைமாடி தயவிலேயே ஓடின.

அப்போதுதான் அண்ணன் தன் மாடியில் ஓர் அறை எழுப்பினார். பக்கத்து வீடு, ஒட்டுச்சுவர், அதுவும் காற்று வருகிற பக்கம். பலகைச் சுவர், பலகைக் கூரை. புயல் மாதிரி அடித்தாலொழிய என் இறக்கைகள் தூங்கி வழிந்தன.

"அறையைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க அண்ணா" என்றேன்.

"ஏன்டா, உன் பொம்மை சுத்தணும்னு நான் வீட்டைத் தூக்கிக்கிட்டு நடக்கணுமா?"

அண்ணி துணியை உதறிக்கொண்டே, "காத்துக்குப் பத்திரம் இருந்தா கொண்டு வாங்க தம்பி, பேசுவோம்" என்றார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேரம் நடக்கும்போது முகம் சுளிக்க எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஒரு விஷயம் உங்களுக்கு விளங்க வேண்டும். பேட்டரி நிரம்பிவிட்டது என்று காற்று நிற்காது. மிச்ச மின்சாரத்தை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் இறக்கை கட்டுமீறிச் சுற்றி உடையும். சூடாகிற கம்பிச்சுருளில் கொட்டுவார்கள். என் சுருளைக் கொண்டுபோய் அண்ணனின் பலகைச் சுவருக்குள் பொருத்தினேன். சமாதானப் பரிசு, குளிருக்கு இலவசச் சூடு என்றேன். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. இலவசம் என்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கலங்கும்.

அடுத்த திருத்தம், சூடு மிஞ்சினால் தானே அணைகிற ஸ்விட்சைக் கழற்றியது. பியூஸ் இருந்த இடத்தில் தடித்த கம்பி. காற்றை மறைக்கிற பொருளைக் காற்றே அகற்றிக்கொள்ளும். இதைவிடச் சிக்கனமான வடிவமைப்பை யாராவது காட்டட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

நேற்று மதியம் புயல் மாதிரிக் காற்று. பலகை பற்றிக்கொண்டது. நான் தீக்குச்சியைத் தொடவில்லை. வருத்தமில்லையா என்று சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். இல்லை. மாடிக்குப் போய்ப் பாருங்கள், இலை அசையாத காற்றுக்கே சுற்றுகிறது.

அண்ணி சொல்வதுதான் அநியாயம். அறை காலியாகும்வரை நான் பொறுத்திருக்கலாமாம். காற்று என் சௌகரியம் பார்த்தா வரும்? அண்ணனுக்குக் காய்ச்சல், கடைக்குப் போகவில்லை. கீழே கூடத்தில் போர்த்திக்கொண்டு நடுங்கினார். "மேல போய்ப் படுங்க அண்ணா, சூடா இருக்கும்" என்று சொல்லி, தூக்க மாத்திரை கொடுத்து, கைத்தாங்கலாகப் படியேற்றியது நான்தான். கதவு காற்றில் அடித்துக்கொண்டு அவரை எழுப்பிவிடக் கூடாதே என்று வெளியே தாழும் போட்டேன். அதையெல்லாம் குற்றத்தில் சேர்க்காதீர்கள், ஐயா. அது கூடப்பிறந்தவன் காட்டுகிற அக்கறை.