ஏழு சுற்று

அண்ணி: கையை எடு. முதல்ல கையை எடு.

நாத்தனார்: நான் தொடவே இல்லை அண்ணி.

அண்ணி: அப்ப கையில இருக்கறது என்ன?

நாத்தனார்: ...கயிறு.

அண்ணி: எந்தக் கயிறு?

நாத்தனார்: அந்தக் கயிறுதான்.

அண்ணி: ஆயிரம் வருஷமா யாராலயும் அவிழ்க்க முடியாத முடிச்சுன்னு தினம் நாலு தடவை ஜனங்ககிட்ட மூச்சு விடாமச் சொல்றியே... அந்தக் கயிறா?

நாத்தனார்: மெதுவாப் பேசுங்க! வாசல்ல செக்யூரிட்டி இருக்கார்.

அண்ணி: இருக்கட்டும். நான் இந்த மியூசியத்துல தரை துடைக்கிறவ. வழிகாட்டி நீதானே? வழி காட்டு பார்க்கலாம்.

நாத்தனார்: விளையாடாதீங்க. காலையில வந்து பார்த்தா இப்படித்தான் கிடந்துச்சு. வண்டி தனியா, நுகத்தடி தனியா... எலி ஏதாவது...

அண்ணி: எலி.

நாத்தனார்: இருக்கலாம்ல?

அண்ணி: எலி வந்து முடிச்சை அவிழ்த்துட்டு, கயிறை அழகா வளையமாச் சுத்தி வண்டி மேல வெச்சுட்டுப் போச்சாக்கும். நல்ல எலி. உங்க அண்ணனுக்கு அதுல பாதி ஒழுங்கு இருந்தா நான் ஏன் தினம் ஈரத் துண்டைப் பொறுக்கறேன்?

நாத்தனார்: நான்தான். நேத்து சாயங்காலம், பூட்டறதுக்கு முன்னாடி.

அண்ணி: எவ்வளவு நேரம் ஆச்சு?

நாத்தனார்: பத்து நிமிஷம்கூட ஆகலை அண்ணி! சும்மா விரலை விட்டுப் பார்த்தேன். நுனி தட்டுப்பட்டுச்சு. இழுத்தேன்... வந்துடுச்சு. திரும்பக் கட்டிப் பார்த்தேன், ஷூ லேஸ் மாதிரி வருது.

அண்ணி: பத்து மணிக்கு அந்தச் சொற்பொழிவாளர் வரார், தெரியும்ல?

நாத்தனார்: அறுபது பேரோட வரார். 'அவிழாத முடிச்சின் ஆன்மிகப் பொருள்'னு வாசல்ல பேனரே கட்டியாச்சு. என் வேலை போச்சு...

அண்ணி: இப்ப மணி ஒன்பதேகால். அழுதா மூக்குதான் சிவக்கும். கயிறைக் கொடு. அந்த நுகத்தடியைத் தூக்கிப் பிடி... இன்னும் கொஞ்சம். அப்படியே நின்னு உன் கதையைச் சொல்லு.

நாத்தனார்: இப்பவா?

அண்ணி: சும்மா நின்னா நீ நடுங்குவ. நுகத்தடியும் சேர்ந்து ஆடும். சொல்லு.

நாத்தனார்: ராஜா இல்லாத ஊருக்கு ஒரு குடியானவன் இந்த வண்டியில வந்தான்... ஜனங்க அவனையே ராஜாவாக்கினாங்க. அவன் வண்டியைக் கோயில்ல விட்டு, தன் கையால ஒரு முடிச்சுப் போட்டான். இதை அவிழ்க்கறவன் உலகத்தையே ஆளுவான்னு சொல்லிட்டுப் போயிட்டான்... அண்ணி, என்ன இவ்வளவு வேகமாக் கட்டறீங்க?

அண்ணி: நிறுத்தாதே. கதையில வாள் இன்னும் வரலையே?

நாத்தனார்: எத்தனையோ பேர் வந்து தோத்துப் போனாங்க. கடைசியா ஒரு இளவரசன் வாளை உருவினான். கோயிலைக் காத்தவ கேட்டா, "வெட்டினா கயிறு ரெண்டாகும். முடிச்சு எங்க அவிழும்?" அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத் திரும்பிட்டான். இதுல கயிறுங்கறது பற்று. முடிச்சு, நாம அதுல மாட்டிக்கிட்ட விதம். வெட்டறது அகங்காரம். நுனி மட்டும் வெளிய தெரியாது. ஏன்னா அது நம்மகிட்டயே, உள்ளுக்குள்ள இருக்கு. தேடறவனுக்குத்தான் கிடைக்கும்...

அண்ணி: இந்த நுனியை இப்படி உள்ள சொருகிடணும். அப்புறம்?

நாத்தனார்: இந்த ஏழு சுற்றும் ஏழு பிறவி... அண்ணி. அண்ணி! அச்சு அசலா அதே முடிச்சு!

அண்ணி: வேற எப்படி இருக்கும்? பதினோரு வருஷமா நான் கட்டறதுதானே.

நாத்தனார்: என்னது?

அண்ணி: கத்தாதே. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கயிறுக்குள்ள பூச்சி ஓடுச்சு. தட்டலாம்னு அவிழ்த்தேன். திரும்பக் கட்டத் தெரியலை. நாலு புரி பின்னல் மாதிரி போட்டு, மிச்சக் கயிறைச் சுத்தி விட்டேன். ஏழு சுற்று வந்துச்சு. மாசாமாசம் அவிழ்த்து, துடைச்சு, கட்டிடுவேன்.

நாத்தனார்: அப்ப ஏழு பிறவி?

அண்ணி: கயிறு இன்னும் ரெண்டு முழம் நீளமா இருந்திருந்தா உன் ஜனங்க ஒன்பது பிறவி எடுத்திருப்பாங்க.

நாத்தனார்: ஆறு வருஷம், அண்ணி! ஆறு வருஷமா உங்க தலைப்பின்னலுக்கா நான் விளக்கம் சொல்லிக்கிட்டு இருந்தேன்? போன மாசம் ஒருத்தர் விழுந்து கும்பிட்டாரே!

அண்ணி: எனக்கும் ஆசீர்வாதம் பண்ணணும்போல இருந்துச்சு. கையில வாளி இருந்துச்சு, அதான் பண்ணலை.

நாத்தனார்: சிரிக்காதீங்க. அப்ப நான் சொன்னதெல்லாம் பொய்.

அண்ணி: யார் சொன்னா? ஒரு அம்மா உன் பேச்சைக் கேட்டுட்டு, கீழே படியில உட்கார்ந்து மருமகளுக்கு போன் போட்டாங்க. "தப்பு என்மேலதான், வீட்டுக்கு வா"ன்னு. நான் பக்கத்துல துடைச்சுக்கிட்டு இருந்தேன். பின்னினது நானா இருந்தா என்ன, அந்த அம்மாவுக்கு நுனி கிடைச்சுதுல்ல? ...சரி, நுகத்தடியை விடு. இப்ப சொல்லு. எதுக்கு அவிழ்த்த?

நாத்தனார்: சும்மாதான்.

அண்ணி: ஒன்பது நாளாப் பாலைப் பொங்க விடற. உப்புக்குப் பதிலா சர்க்கரையைப் போடற. சும்மாவா?

நாத்தனார்: ...வேற ஊர் மியூசியத்துல இருந்து ஒரு கடிதம் வந்துச்சு. தலைமை வழிகாட்டி வேலை. தங்க இடமும் தராங்க. நான் விண்ணப்பமே போடலை அண்ணி, தானா வந்துச்சு!

அண்ணி: தானா வந்துச்சா. அடடே.

நாத்தனார்: முடிச்சு அவிழ்ந்தா போறது, அவிழலைன்னா கடிதத்தைக் கிழிச்சுடறதுன்னு நினைச்சுக்கிட்டேன். அவிழாதுங்கற தைரியத்துலதான் தொட்டேன்.

அண்ணி: போக இஷ்டம் இல்லையா?

நாத்தனார்: ரொம்ப இஷ்டம். அதுதான் பயமா இருக்கு. கல்யாணம் முறிஞ்சு, ஒரே ஒரு பெட்டியோட வந்து நின்னேன். ஒரு வார்த்தை கேட்காம உங்க ரூமைக் காலி பண்ணிக் கொடுத்தீங்க. எட்டு வருஷமா நீங்க ரெண்டு பேரும் ஹால்ல படுக்கறீங்க. இப்ப நல்ல வேலை கிடைச்சதும் நான் கிளம்பறேன்னு எந்த வாயால சொல்றது? அண்ணன் உடைஞ்சு போயிடுவார். எழுதி வெச்சுட்டு, சொல்லாமப் போயிடலாம்னுகூட...

அண்ணி: அது வாளை உருவறது.

நாத்தனார்: தெரியும்.

அண்ணி: தெரிஞ்சும் ஊருக்கு மட்டும் விளக்கம் சொல்றியாக்கும். இங்க பாருடி, எனக்கு அந்த ரூம் வேணும்.

நாத்தனார்: என்ன?

அண்ணி: ஹால்ல ஃபேன் சத்தம் ஒரு பக்கம், உங்க அண்ணன் குறட்டை ஒரு பக்கம். எனக்கு முதுகே போச்சு. ஜன்னலோரம் கட்டிலைப் போடலாம்னு அளந்துகூட வெச்சுட்டேன்.

நாத்தனார்: பொய் சொல்றீங்க.

அண்ணி: முதுகு வலி நிஜம். நீ போ. லீவுல வா. வந்தா ஹால்ல படு. துறைமுகத்துக் காத்துல உன் உடம்பும் கொஞ்சம் தேறும்.

நாத்தனார்: ...அண்ணி.

அண்ணி: வண்டிச் சத்தம் கேட்குது, வந்துட்டாங்கபோல. பின் போடு, முந்தானை சரியுது.

நாத்தனார்: அண்ணி, நான் துறைமுகம்னு சொல்லவே இல்லையே.

அண்ணி: சொன்னியே.

நாத்தனார்: 'வேற ஊர்'னுதான் சொன்னேன். விண்ணப்பம் போட்டது யாரு?

அண்ணி: நீதான். உன் கையெழுத்துதானே இருக்கு... உன்னது மாதிரியே நான் போட்டது.

நாத்தனார்: அண்ணி!

அண்ணி: சுவரோரமா தூசி தட்டற மாதிரி நின்னு, உன் பேச்சை முழுசா போன்ல பதிவு பண்ணினேன். அதையும் சேர்த்து அனுப்பினோம்.

நாத்தனார்: அனுப்பினோமா? வேற யாரு? ஐயோ, அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்...

அண்ணி: தெரியறதா? விளம்பரத்தைப் பார்த்துட்டு வந்ததே உங்க அண்ணன்தான். தங்க இடம் இருக்கான்னு போன் போட்டுக் கேட்டதும் அவர்தான். ஒன்பது நாளா நீயே வாயைத் திறப்பேன்னு சாப்பாட்டு மேசையில உன் முகத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார், நீ என்னடான்னா உப்புக்குச் சர்க்கரை போட்டுத் தர... அதையும் மறுபடி கேட்டு வாங்கித் தின்னாருடி.