அப்பாவோட மூக்கு

இல்ல மேடம், நேரா சொல்லுங்க. எங்கப்பா போன வாரம் உங்களைப் பாக்க இந்த ஆஸ்பத்திரிக்குத் தனியா வந்தாரா, இல்லையா? பாத்தீங்களா, பேனா மூடியைத் திறந்து திறந்து மூடறீங்க. வந்திருக்காரு. சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டும் போயிருக்காரு. சரி விடுங்க, உங்களை வம்புல மாட்டிவிட மாட்டேன்.

கதவைக் கொஞ்சம் சாத்திக்கட்டுமா? வெளியில அந்த நீலச் சட்டைக்காரர் ரொம்ப நேரமா பேப்பர் படிக்கறாரு, ஒரு பக்கம்கூட திருப்பல. சிரிக்காதீங்க. சந்தேகம்தான் மேடம் எனக்குச் சம்பளம். பெரிய கடை ஒண்ணுல மாடியில ஒரு சின்ன ரூம், சுவர் முழுக்க கேமரா திரை. யாரு எதை எடுத்து எங்க சொருகறாங்கன்னு பாக்கணும். வீட்டுக்குப் போனாலும் இது விடாது. பொண்டாட்டி அலமாரியைத் திறந்தாகூட அவ கை எங்க போகுதுன்னு என் கண்ணு தானா பின்னாடியே போகும். நீ என்னைக் கட்டிக்கிட்டியா, காவலுக்கு வந்தியான்னு கேப்பா.

அந்தக் கடையில எங்களுக்கு மனுஷ மனசைப் பத்தி ஒரு வகுப்பு எடுத்தாங்க. புரொபசர் ஒருத்தர் வந்தாரு. கோவம், பயம், பொறாமை எல்லாம் காட்டுல பொழச்சவங்க கிட்டேருந்து நமக்கு வந்ததாம். புதர்ல சத்தம் கேட்டதும் ஓடினவன் பொழச்சான், காத்துதானேன்னு நின்னவன் புலி வயித்துக்குள்ள போனான். நாம எல்லாரும் ஓடினவனோட வாரிசாம். எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்குப் போயி, பாரு, என் சந்தேகம் பரம்பரைச் சொத்துன்னேன். அதை மட்டுந்தான் உங்க பரம்பரை சேத்து வெச்சுதான்னா.

இருங்க, விஷயத்துக்குத்தான் வர்றேன்.

அந்தப் புரொபசர் இன்னொண்ணு சொன்னாரு. குழந்தை பொறந்தா, அப்பனை உரிச்சு வெச்சிருக்குன்னு மொதல்ல சொல்றது யாரு? அம்மாவும் அம்மா வீட்டு ஆளுங்களும்தானாம். பெத்தவளுக்கு சந்தேகம் கிடையாது. அப்பனுக்குத்தானே நிச்சயம் கிடையாது, அவன் விட்டுட்டுப் போயிடக் கூடாதுல்ல, அதுக்காக அவங்களே அறியாம அப்படி வருதாம். வகுப்பே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். பஸ்ல வரும்போதுதான் எங்கம்மா ஞாபகம் வந்துது.

எங்கம்மா இருந்த வரைக்கும் பொழுது விடிஞ்சா இதே பேச்சு மேடம். பாருங்க, அப்படியே உங்க மூக்குன்னு. அப்பா லேத்துப் பட்டறையில வேலை. ஆயில் கறை போகாத விரலால என் மூக்கைப் பிடிச்சு ஆட்டி, ஆமா ஆமா, என் மூக்கேதான்னுவாரு. ஸ்கூலுக்கு மூக்குல கறையோடதான் போவேன். நீங்க அவர் மூக்கைப் பாத்தீங்கல்ல? கத்தி மாதிரி இருக்கும். இதைப் பாருங்க. சப்பை.

வகுப்பு நடந்த அன்னைக்கும் பெருசா ஒண்ணும் நெனைக்கல. அப்புறம் அப்பாவுக்கு கிட்னி போயிடுச்சுன்னு சொன்னாங்க, நான் தர்றேன்னேன். ரத்த குரூப் எல்லாம் ஒத்துப் போச்சு. அப்பதான் டாக்டர், அப்பா பையன்னு காட்ட ஒரு டெஸ்ட் எடுத்துட்டா போதும்னாரு. நான் சும்மா அப்பா முகத்தைப் பாத்தேன்.

கடையில திருட வந்தவன் சாமானைப் பாக்க மாட்டான் மேடம். கதவைத்தான் பாப்பான். அப்பா கதவைப் பாத்தாரு.

அப்புறம் ஒரே சாக்கு. ஒரு நாள் ஜுரம்னாரு. தொட்டுப் பாத்தா ஒண்ணுமில்ல. ஒரு நாள் கண்ணாடியைக் காணோம்னாரு. ரத்தம் குடுக்க எதுக்குக் கண்ணாடி? கடைசியா, உன் கிட்னி எனக்கு வேணாம், உனக்குக் குழந்தைங்க இருக்கு, நான் வாழ்ந்து முடிச்சாச்சுன்னு ஆரம்பிச்சுட்டாரு. இந்த மனுஷன் போன மாசம்தான் செருப்புக் கடையில நின்னு, இது ரெண்டு வருஷம் உழைக்குமா, அடிப்பாகம் விட்டுடாதேன்னு சண்டை போட்டாரு. வாழ்ந்து முடிச்சவர் பேசற பேச்சா?

எனக்கு எப்படியெல்லாம் போச்சு தெரியுமா? கிட்னிக்குப் பதிலா வீட்டை எழுதித் தரச் சொல்லிக் கேப்பேன்னு பயப்படறாரோன்னுகூட நெனச்சேன். அசிங்கமா இருக்கு இப்ப சொல்ல. பெத்த அப்பனையே கேமராவுல பாக்கற மாதிரி பாத்துட்டு இருந்தேன்.

ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவர் இங்க வந்து, ரிசல்ட்டைப் பையன் கிட்ட காட்டாம இருக்க முடியுமான்னு கேட்டாரா?

ம். சரி. தண்ணி வேணாம், நல்லாத்தான் இருக்கேன்.

அதனால அந்த டெஸ்ட் வேணாம் மேடம். எடுத்தா ஒத்து வராது.

யாரு சொன்னாங்கன்னா கேக்கறீங்க? மொதல்ல நானாத்தான் கண்டுபிடிச்சேன். நேத்து சித்தி வீட்டுக்குப் போனேன், அம்மாவோட தங்கச்சி. துணி மடிச்சிட்டு இருந்தாங்க. சித்தி, அப்பா என்னைப் பெத்தவர் இல்லையான்னேன். ஆமான்னோ இல்லன்னோ சொல்லணும்ல? யார்றா சொன்னான்னாங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல. அவங்களாத்தான் அழுதுட்டே சொன்னாங்க. நான் வயித்துல இருக்கும்போதே அம்மா அவர் கிட்ட சொல்லிட்டாங்களாம். தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டாராம். அந்த மூக்கு பேச்சு அவருக்காக இல்ல மேடம். என் காதுல விழணும்னு ரெண்டு பேரும் தினம் பேசிக்கிட்டது.

புரொபசர் கிட்ட ஒருத்தன் கேட்டான், அடுத்தவன் புள்ளையை வளக்கறவங்க இருக்காங்களேன்னு. கூடவே இருந்தா நம்ம ரத்தம்னு ஒடம்பு ஏமாந்துடும்னாரு. இருக்கலாம், அவர் படிச்சவர். ஆனா பாருங்க, எங்கப்பா ஏமாறவே இல்லையே. மொத நாள்லேருந்து தெரியும். ரொம்ப வலிக்குது மேடம். நல்லாவும் இருக்கு. என்னன்னு சொல்லத் தெரியல.

இப்ப அவர் சாகறதுக்குத் தயாரா இருக்காரு. எனக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னு.

ரத்த சம்பந்தம் இல்லாதவங்க குடுக்கவும் வழி இருக்காமே, கமிட்டின்னு ஒண்ணு? அதுக்கு என்ன வேணுமோ இன்னைக்கே ஆரம்பிச்சுடுங்க. காசு வாங்கினியான்னு குடைவாங்களா? குடையட்டும். சந்தேகப்படறது அவங்க வேலை, நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டேன். சொந்த ரத்தம் இல்லாத ஆளுக்கு ஏன் குடுக்கறேன்னு கேட்டா, வளத்தவர், அவ்வளவுதான்னுவேன்.

அவர் கிட்ட மட்டும் டெஸ்டே தேவையில்லன்னு ஆயிடுச்சுன்னு சொல்லிடுங்க. கமிட்டியில அவரைக் கூப்பிட்டாலும், உங்க பையன், உங்க பையன்னே பேசச் சொல்லுங்க. மெதுவா கேக்கச் சொல்லுங்க மேடம். பாவம், அவர் மூக்குதான் எனக்குன்னு நான் இன்னும் நம்பிட்டிருக்கறதா நெனச்சுட்டிருக்காரு.